முப்பத்தெட்டுப் பெயர் நாடாக்கள்

போன கிழமை எழுதியதில் ஒரு பஸ் இலக்கத்தைப் பிழையாகப் போட்டுவிட்டேன் என்று கோவில் வாசலில் வைத்து ஒரு தம்பி சொன்னார். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு போட்டுவிடுவேன். மகள் மெற்றில்டாதான் எல்லாவற்றையும் திருத்தி அனுப்புகிறாள். எழுத்தை அவள் திருத்துவாள். மறதியை யார் திருத்துவது? முன்னுக்குப் பின்னாக வந்தால் குறை நினைக்க வேண்டாம்.

இந்தக் கிழமை ஒரு பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று காலை ஆறு மணி இருக்கும். இத்தாலியில் சீசா என்கிற இடத்தில், எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தேன். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். போனுக்குள் பிலிப்பைன்ஸ். அங்கே நடுப்பகல். ஒரு சின்ன வீட்டு முன் அறை, பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மட்டைப் பெட்டி. எல்லோரும் கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட கோலத்தில் அரையும் குறையுமாக நின்றார்கள். ஒரு பெண்ணின் தலையில் சுருட்டுக் குழல்கள்.

"ஆத்தே, தெரியுதோ? வெட்டப் போகினம்!" என்று லோர்னாவின் குரல் கேட்டது. போனைப் பிடித்திருந்தவள் அவள்தான்.

ஒருவர் கத்தியை எடுத்து ஒட்டு நாடாவில் வைத்தார். கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்ததை மணம் வந்த பிறகுதான் கண்டேன். பெட்டிக்குள் இருப்பது அவர்களுக்கு ஆசை. எனக்கு அது பயம்.

லோர்னா ரீச்சர்

லோர்னா அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ, எங்கடை ஆக்களுக்குத் தமிழ் தெரியாது" என்றாள். நாங்கள் இருவரும் கதைப்பது இத்தாலியனில். அவளுடையதும் உடைந்த இத்தாலியன், என்னுடையதும் உடைந்த இத்தாலியன். அதனால்தானோ என்னவோ, அவள் கதைப்பது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்கும். அப்படியே எழுதுகிறேன். என்னை அவள் ஆத்தே என்பாள். அவர்கள் பாசையில் அக்கா.

சிஞ்ஞோரா பினா என்று ஒரு வயது போன இத்தாலிய அம்மாவை நாங்கள் இருவரும் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டோம். பகலில் நான், இரவில் அவள். காலையில் நான் போகும்போது அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரு கோப்பி குடிப்போம். "ராத்திரி மூண்டு தரம் தூக்கினனான்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். அந்தக் கால் மணித்தியாலம்தான் எங்கள் சிநேகம். ஏழெட்டு வருடமாகக் கால் மணித்தியாலங்கள்.

லோர்னா தன் ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். நான் படித்த அளவு வகுப்புகளுக்குத்தான் அவள் ரீச்சர். இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அவள் ஊர் அவளை இன்னும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. அவள் ஊரிலிருந்து அரபு நாடுகளுக்கும் ஹொங்கொங்குக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். இத்தாலிக்கு வந்தது அவள் ஒருத்திதான். அதனால் இங்கே என்ன வேலை என்று சொல்லிக்கொடுக்க வேறு வாய் இல்லை.

வந்த புதிதில் பெரிய தெருவில் ஒரு உடுப்புக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மகள் ஜாய் அப்போது சின்னப் பிள்ளை. "அம்மா இந்தக் கடையிலையோ வேலை?" என்று கேட்டிருக்கிறாள். லோர்னா இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். பதினொரு வருடமாக அவள் ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறாள்.

நாடா தைத்தவள்

கடைசி வருடத்தில் சிஞ்ஞோராவை முதியோர் இல்லத்தில் விட்டார்கள். அங்கே எல்லோருடைய உடுப்பும் ஒன்றாகச் சலவைக்குப் போகும். மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயர் நாடா தைக்க வேண்டும். வெள்ளை நாடா, சின்ன விரல் அகலம். அதில் சிஞ்ஞோராவின் பெயர், அறை இலக்கம், இல்லத்தின் பெயர் மூன்றும் சிவப்பு நூலால் நெய்திருக்கும். நாற்பது நாடா தந்தார்கள். நாற்பதையும் நான்தான் தைத்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்தேன். அந்த அம்மாவுக்குத் தன் உடுப்பு என்றால் உயிர். ஒன்று காணாமல் போனாலும் அழுவா.

அவ காலமானபோது சிஞ்ஞோராவின் மகள் வந்து எல்லா உடுப்பையும் எங்கள் இருவர் முன்னாலும் வைத்தா. "எடுங்கோ, இல்லாட்டில் தேவாலயத்துக்குக் குடுங்கோ" என்றா. நல்ல உடுப்புகள். பட்டு மாதிரி மேற்சட்டைகள், முத்துப் பொத்தான் வைத்தவை. இளஞ்சிவப்பில் மெல்லிய சுவெற்றர் ஒன்று.

அந்த வருடம்தான் ஜாய்க்குக் கல்யாணம் பேசியிருந்தது. லோர்னா முதல்முறையாக ஊருக்குப் போக இருந்தாள்.

"உடுப்புக் கடைக்காரி வெறுங்கையோடை போறதோ?" என்று கேட்டாள். பிறகு மெதுவாக, "நாடாவைப் பிரிச்சுத் தருவியளோ, ஆத்தே? உங்கடை கைத் தையல், உங்களுக்குத்தான் பிரிக்கத் தெரியும்" என்றாள்.

பாதியை அவள் எடுத்தாள், பாதியை நான் எடுத்தேன். எல்லாவற்றையும் நானே பிரித்தேன். ஒரு சவரப் பிளேட்டை வைத்துக்கொண்டு குசினி மேசையில் மூன்று நாள். ஒரு கண்ணில் புரை தொடங்கியிருந்தது. அதை மகளுக்குச் சொல்லவில்லை. லோர்னாவுக்கும் சொல்லவில்லை.

ஆளைப் பார்க்காமல் இருக்க

லோர்னா நாலைந்து பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். அதனால் பெட்டி எங்கள் வீட்டு நடையில்தான் இருந்தது. மூன்று மாதம் இருந்தது. அவர்கள் ஆட்கள் இப்படித்தான். இடுப்பளவு பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, சம்பளம் வரும் நாளெல்லாம் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். நிரம்பியதும் கப்பலில் போகும். ஆள் விமானத்தில் பிறகு போகும்.

உடுப்புகளுக்கு நடுவில் அவள் சவர்க்காரக் கட்டிகளை உறை கிழித்து வைத்தாள்.

"ஏன் பிள்ளை, கரைஞ்சு போகாதோ?"

"பெட்டியைத் திறந்தவுடனை எங்கடை ஆக்கள் முதல் மணந்துதான் பாப்பினம். 'வெளிநாட்டு மணம்' எண்டு கண்ணை மூடுவினம். இந்தச் சட்டையளிலை சிஞ்ஞோராவின்ரை நோவெண்ணெய் மணக்குது. அது போகவேணும்."

நான் மணந்து பார்த்தேன். எனக்கும் மணத்தது. சியாகுல்லியில் தோட்ட வேலை செய்யும் ஒருவர் தந்த மண்டரின் தோடம்பழத் தோல் காய்ந்து கிடந்தது. அதையும் உள்ளே போட்டோம்.

"நீ ஏன் இவ்வளவு பயப்பிடுறாய்? உன்ரை சனம்தானே" என்றேன்.

லோர்னா பெட்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றாள். "என்ரை சனம் எண்டபடியாத்தான். எங்கடை தெருவிலை ஒருத்தி இருந்தவள், குவைத்தாலை வந்தவள். வந்து இறங்கினவுடனை கையாலை விசிறிக்கொண்டு 'ஐயோ என்ன வெக்கை, என்ன வெக்கை' எண்டாள். ஆத்தே, அவள் போனது பாலைவனத்துக்கு! நானும் தங்கச்சி செலியும் கதவுக்குப் பின்னாலை நிண்டு அவளை மாதிரி விசிறி விசிறிச் சிரிச்சனாங்கள். இப்ப கதவுக்கு முன்னாலை நான் நிக்கப் போறன்."

"உன்னைப் பாத்து என்ன சொல்லப் போகினம்?"

"மெலிஞ்சு போனால், அங்கை சாப்பாடு இல்லையோ எண்டு கேப்பினம். கொழுத்துப் போனால், பிள்ளையை விட்டிட்டுத் தான் மட்டும் திண்டிருக்கிறாள் எண்டு சொல்லுவினம். வெளுத்துப் போனால் பூசுறாள். கறுத்துப் போனால் வெயிலிலை கூலி வேலை. சிரிச்சால் பெருமை. சிரிக்காட்டில் அதைவிடப் பெருமை."

"அப்ப எப்பிடித்தான் போறது?"

"பெட்டியோடை போறது. பெட்டியைப் பாத்தால் ஆளைப் பாக்க மாட்டினம்."

போத்தல் தண்ணீர்

இதைக் கேட்டபோது என் நினைவு வேறு எங்கோ போனது. பல வருடங்களுக்கு முன் நான் மன்னாருக்குப் போயிருந்தேன். தம்பி வீட்டில் எனக்கென்று போத்தல் தண்ணீர் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. குடிக்காமல் விட்டால் வாங்கி வைத்த மனம் நோகும் என்று குடித்தேன். யன்னலுக்கு வெளியே தம்பி மனைவி அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது கேட்டது: "மச்சாளுக்கு எங்கடை தண்ணி இப்ப இறங்காது."

அடுத்த நாள் நானே போய்க் குழாயில் பிடித்துக் குடித்தேன். அதற்கும் ஒரு கதை வந்தது. "பாருங்கோவன், எளிமை காட்டுறா."

நான் வாய் திறக்கவில்லை. அன்றும் திறக்கத் தெரியாது, இன்றும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்ணிப் பார்த்த நாள்

பெட்டி கப்பலுக்குப் போய் இரண்டு கிழமை இருக்கும். பிரித்த நாடாக்களை நான் எறியவில்லை. ஒரு மனுசியின் பெயர் அல்லவா, குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் சும்மா இருந்து எண்ணினேன்.

முப்பத்தெட்டு.

திரும்ப எண்ணினேன். மேசையில் பத்துப் பத்தாக அடுக்கினேன். நாலாவது வரிசையில் எட்டுத்தான் இருந்தது. அடுப்புக்குப் பின்னால் தேடினேன். விளக்குமாற்றைத் தட்டிப் பார்த்தேன். இல்லத்துச் சலவையில் ஏதாவது உடுப்புத் தொலைந்திருக்கும், அதோடு போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு இராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது.

மெற்றில்டாவுக்குச் சொன்னேன்.

"அம்மா, ரெண்டு துண்டு நாடா. அதுக்குப் போய் ஏன் சாப்பிடாமல் இருக்கிறியள்? ஆர் கழுத்துக்குள்ளை பாக்கப் போகினம்?"

"பெட்டி திறந்தால் மணந்து பாப்பினமாம், பிள்ளை. மூக்கு எங்கை போகும்? கழுத்துக்குத்தான் போகும்."

"அப்ப லோர்னாவுக்குச் சொல்லுங்கோ."

சொல்லத்தான் நினைத்தேன். அவள் பயணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பல்லரோச் சந்தைக்குப் போனோம். மீன்காரர் கூவுகிற கூவலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன்.

"லோர்னா, ஒரு விசயம்..."

என் கையைப் பிடித்தாள். "நல்ல விசயம் எண்டால் சொல்லுங்கோ, ஆத்தே. கெட்டது எண்டால் நான் திரும்பி வந்தாப் பிறகு. என்ரை நெஞ்சு இப்ப தாங்காது."

"இண்டைக்குக் கொத்தமல்லி நல்ல பச்சையாய் இருக்கு" என்றேன்.

அவள் போய்விட்டாள். கப்பல் பிந்தியது. ஊரில் அவள் இருக்கிறாள், பெட்டி இல்லை. ஒவ்வொரு நாளும் போனில், "எல்லாரும் பெட்டி எங்கை, பெட்டி எங்கை எண்டு கேக்கினம். செலி மட்டும் கேக்கேல்லை, சிரிக்கிறாள்" என்பாள். பெட்டி வராமலே போகட்டும், மாதாவே என்று நான் மன்றாடினேன். இப்படி ஒரு மன்றாட்டை யாராவது கேட்டிருப்பார்களோ தெரியாது.

வந்துவிட்டது. கல்யாணத்தன்று நடுப்பகல்.

திரும்பவும் சீனிப் போத்தல்

கத்தி ஒட்டு நாடாவைக் கிழித்தது. நான் எதிர்பார்த்தபடியே எல்லோரும் குனிந்து மணந்தார்கள். "ஆஆ" என்று ஒரே சத்தம். சவர்க்காரம் வென்றுவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சட்டைகள் கைக்குக் கை மாறின. ஒவ்வொரு கழுத்தையும் நான் இங்கிருந்து பார்த்தேன். ஒரு கண்ணை மூடி நல்ல கண்ணால் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இளஞ்சிவப்புச் சுவெற்றர் வெளியே வந்தது. தலையில் சுருட்டுக் குழல் வைத்திருந்த பெண் அதைப் பிடுங்கினாள். அவள்தான் செலி. லோர்னாவின் ஒரே தங்கச்சி. ஜாயைப் பதினொரு வருடம் வளர்த்தவள். உடனே போட்டுக்கொண்டாள். சுற்றிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, உறுத்துகிறது போல, கையைப் பின் கழுத்துக்குள் விட்டாள்.

கை அங்கேயே நின்றது.

கழுத்தை இழுத்துத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தன் போனைப் பின்னால் கொண்டுபோய் ஒரு படம் எடுத்தாள். போனைப் பார்த்தாள். ஏதோ தட்டித் தேடி, நேரம் எடுத்து வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி லோர்னா நின்ற பக்கம் பார்த்தாள். போன் லோர்னாவின் கையில் இருந்ததால் அந்தப் பார்வை நேராக என் மேல் விழுந்தது.

ஒரு கிழவி கையை நீட்டிச் சுவெற்றரைக் கேட்டாள். செலி கொடுக்கவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்து வரைக்கும் பூட்டினாள். ஏதோ சொன்னாள். அறை முழுக்கச் சிரிப்பு.

"என்ன சொன்னவள்? லோர்னா, என்ன சொன்னவள்?" என்று கத்தினேன். அங்கே இருந்த சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. படம் நின்றுவிட்டது.

மூன்று கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணப் படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் செலி இளஞ்சிவப்புச் சுவெற்றரோடு, கழுத்து வரை பூட்டியபடி நிற்கிறாள். முகம் வேர்வையில் மினுங்குகிறது.

லோர்னா வந்தாள்

வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாள். இருக்கச் சொன்னேன், இருந்தாள். கைப்பையைத் திறந்து மடித்த கடதாசி ஒன்றை மேசையில் வைத்தாள். பிரிக்கவே தேவையில்லை. சிவப்பு நூல் வெளியே தெரிந்தது.

"செலி விமான நிலையத்திலை வைச்சுத் தந்தவள்" என்றாள்.

நான் நாடாவை எடுத்து விரலால் நீவினேன்.

"கல்யாணம் முழுக்க அதைக் கழட்டேல்லை, ஆத்தே. என்ன வெக்கை தெரியுமோ? சனம் அவளைப் பாத்துச் சிரிச்சுது. 'வெளிநாட்டாலை வந்தது ரீச்சர், குளிருறது தங்கச்சிக்கு' எண்டு. ஒருத்தன் கையாலை விசிறிக் காட்டினவன். நானும் சேந்து சிரிச்சனான். ஆராவது கேட்டால், 'இது என்ரை, தொடாதேங்கோ' எண்டாள். கழட்டி வைச்சால் நாலு பேர் எடுத்துப் போட்டுப் பாப்பினம். அதுக்குத்தான்."

"உனக்கு எப்ப சொன்னவள்?"

"சொல்லேல்லை. இதிலை இருந்த இல்லத்தின்ரை பேரைப் போனிலை தேடிக் கண்டிட்டாள் போலை. இதைக் கையிலை வைச்சுப் பொத்தினாள். 'அந்தக் கிழவியைத் தூக்கிறது நீயோ, அக்கா? முதுகு நோகுமோ?' எண்டு கேட்டாள். பதினொரு வருசத்திலை என்ரை சனம் என்னட்டை 'நோகுமோ' எண்டு கேட்டது அண்டைக்குத்தான்."

நான் எழும்பிக் கோப்பி ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமோ, ஆத்தே? இது நிண்டது?"

"போகேக்கை தெரியாது. கப்பல் போனாப் பிறகு தெரியும். சொல்லேல்லை."

அவள் கோப்பியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டன்" என்றாள். அதில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா, எனக்கு இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை. கதவடியில் நின்று, "செலி நல்லவள்தான். ஆனால் கோவம் வந்தால் வாய் நிக்காது. ஜாய்க்கு இன்னும் நான் கடைக்காரிதான்" என்றாள். அதற்குப் பிறகு போன் அடித்தால் முதலில் செலியோ என்றுதான் பார்க்கிறாளாம்.

முப்பத்தொன்பது

அவள் கொண்டுவந்ததைப் போத்தலில் போட்டேன். எண்ணினேன். முப்பத்தொன்பது.

இன்னும் ஒன்று எங்கே?

என் பங்கு உடுப்புகளை நான் வைத்திருக்கவில்லை. மன்னாருக்குப் போன ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்துத் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். மலிவு விற்பனையில் வாங்கினேன், எல்லாம் புதிது என்று போனில் சொன்னேன். தம்பி மனைவி, "மச்சாள் எங்களை மறக்கேல்லை" என்று சந்தோசப்பட்டா. நானும் சந்தோசப்பட்டேன்.

இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்குப் போகிறது. மருமகள் வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். "அம்மா, இதை அனுப்பத்தான் வேணுமோ?" என்று மெற்றில்டா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அனுப்பு என்றேன். தெருவில் யாரோ அந்த நாடாவைக் கண்டுபிடித்து, தம்பி வீட்டில் இருக்கிற உங்களுக்குக் காட்டுவதை விட, நானே சொல்லிவிடுவது நல்லது.

பெட்டி எத்தனை மாதம் கடலில் இருந்தது, கல்யாணம் உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னா பின்னா, இவற்றில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஆனால் ஒன்றை மட்டும் தம்பி வீட்டில்தான் பார்க்க முடியும். நீல நிறத்தில், முத்துப் பொத்தான் வைத்த மேற்சட்டை ஒன்று இருக்கும், அதில்தான் எனக்குச் சந்தேகம். அதன் கழுத்துப் பட்டிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இருந்தாலும் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். இருந்தால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், துணி கிழிந்துவிடும். பிளேட்டால் நூலை மட்டும் வெட்டுங்கள். நான் இறுக்கித் தைத்திருக்கிறேன்.